குதிங்கால் முதல் கரண்டை வரை: எங்கே வலிக்கிறது, எந்தக் கதவைத் தட்டுவது

கண்ணுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர் என்று பலகை பார்த்துப் போகிற நாம் பாதத்துக்கு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் முழிக்கிறோம். மேல்நாடுகளில் பாதத்துக்கென்றே படித்த போடியாட்ரிஸ்ட் இருக்கிறார். திருநெல்வேலியிலோ தென்காசியிலோ அப்படியொரு பலகையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் ஒரே கால் முதலில் எண்ணெய் தடவுகிறவரிடம் போகும், அப்புறம் மெடிக்கல் கடை, அப்புறம் எலும்பு டாக்டர், தோல் டாக்டர், சுகர் டாக்டர். இந்தச் சுற்றில் ரெண்டு மூணு மாதம் ஓடிவிடும். பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறவன் என்பதால் இந்தச் சுற்று முடிந்து வருகிற கால்களை தினமும் பார்க்கிறேன். கீழே இருப்பது அறிகுறியை வைத்து வழி பிரிக்கும் முறை: வீட்டிலேயே பார்க்கக்கூடியது எது, யாரிடம் போவது, எவ்வளவு அவசரம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலியின் அளவை வைத்து அவசரத்தை அளக்காதீர்கள். யூரிக் ஆசிட் வாதத்தில் ஆள் கதறுவார், ஆனால் கால் போகாது. சுகர்க்காரரின் உள்ளங்காலில் வலியே இல்லாமல் வருகிற கொப்புளத்தில் கால் போயிருக்கிறது.

பழைய செருப்பைப் புரட்டிப் பாருங்கள்

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எக்ஸ்ரே அல்ல, செருப்பு. ஆறு மாதமாவது போட்ட ரப்பர் செருப்பாக இருந்தால் நல்லது. அடிப்பக்கம் குதியின் வெளியோரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது இயல்பு, எல்லோருக்கும் அப்படித்தான். உள்ளோரம் சரிந்து தேய்ந்திருந்தால் பாதத்தின் வளைவு இறங்குகிறது. ஒரு கால் செருப்பு மட்டும் முன்நுனியில் தேய்ந்திருந்தால் அந்தக் கால் தரையில் இழுபடுகிறது, நரம்பைச் சந்தேகப்படவேண்டும். மேல்பக்கத்தில் விரல்கள் பதிந்த குழிகளைப் பாருங்கள். முன்பாதத்தின் நடுவில் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்து பளபளவென்று இருந்தால், அதற்கு நேர்மேலே காலில் காய்ப்பு இருக்கும். காலில் தேடுவதற்கு முன்பே செருப்பு காட்டிக்கொடுத்துவிடும். கூடவே குத்தி நிற்கிற முள், ஆணி எதையாவது கண்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு பெரியவரின் செருப்பில் முக்கால் அங்குல ஆணி உள்ளே வரை வந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அவருடைய பிரச்சினை என்ன என்பதற்கு அந்த ஆணியே போதுமான விடை.

உள்ளங்காலைப் பார்க்க இடுப்பு வளையாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லலாம்.

இவையெல்லாம் அன்றைக்கே போகவேண்டியவை

கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்கமுடியாமல் வலித்தால் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் தசை சாக ஆரம்பிக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், நீவிவிடாதீர்கள். விரல் கறுத்தாலும், புண்ணில் நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தாலும், சிவப்பு புறங்காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனாலும், தொடையிடுக்கில் நெறி கட்டி நடுக்கம் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, கனத்து, அமுக்கினால் வலித்தால் அதுவும் அப்படித்தான். அதைப் பிறகு சொல்கிறேன். ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, ராத்திரியும் திறந்துதான் இருக்கிறது. "விடியட்டும், பாத்துக்கிடலாம்" என்பது இந்த நாலைந்து விஷயத்துக்கும் பொருந்தாது.

"காலைல எந்திரிச்சதும் குதிங்கால ஊனவே முடியல்ல"

எங்களிடம் வருவதில் இதுதான் அதிகம். கட்டிலை விட்டு இறங்கும் முதல் பத்தடி உயிர் போகும். பாத்ரூம் போய்வந்தால் தேவலை. மத்தியானம் நல்லா இருக்கும். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி சுருக்கென்று குத்தும். இந்த வரிசையைச் சொன்னாலே போதும், பாதி நோய் தெரிந்துவிடும். குதி எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுப்பாட்டு வில்லில் நாண் இருப்பதுபோல பாதத்தின் வளைவை இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். அது குதியில் ஒட்டுகிற இடத்தில்தான் இந்த வலி. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், திடீரென்று எடை போட்டவர்கள், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு வேலை பார்க்கிற பெண்கள், இவர்களுக்கு அதிகம் வரும்.

எக்ஸ்ரேயில் குதியில் முள் மாதிரி எலும்பு வளர்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து வருகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். வேலை செய்வது நீட்டுப் பயிற்சி. கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்பே, காலை மறுகால் முழங்கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முன்னங்கால் எலும்பின் பக்கம் இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்துங்கள், பத்துத் தடவை. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, குதி தரையை விட்டு எழாமல் கெண்டைச்சதையை 30 விநாடி நீட்டுங்கள். சாயங்காலம் பிரிட்ஜில் வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டலாம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடவேண்டும். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று ஆச்சிகள் முறைப்பார்கள். சாமி அறையையும் அடுப்படியையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் போட்டால் போதும் என்று பேசிமுடிப்பேன். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் சரியாகிவிடும். அவ்வளவு நாளா என்று கேட்பீர்கள். ஆம், அவ்வளவு நாள்தான். பொறுக்கமுடியாமல் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சில வாரம் சுகம் கிடைக்கும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் நார் அறுந்துபோகவும் குதியின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்பு உண்டு.

செங்கல்லைச் சூடாக்கி எருக்கம் இலையை மேலே வைத்து மிதிக்கிற பழைய வைத்தியத்தைக் கேட்காதவர்கள் இருக்கமாட்டார்கள். சூடு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. சுகர் உள்ளவர்கள் மட்டும் அந்தப் பக்கமே போகவேண்டாம். சூடு தெரியாமல் மிதித்து, குதித்தோல் வெந்து வந்த கால்களைக் கட்டுப்போடுகிற அறையில் கேட்டால் சொல்வார்கள்.

இந்த வரிசைக்குள் அடங்காத குதி வலியும் உண்டு. குதியை இருபக்கமும் உள்ளங்கைகளால் அமுக்கினால் உயிர் போகிறது, நடக்க நடக்க வலி கூடுகிறது என்றால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம், எலும்பு டாக்டர். முப்பது வயதுக்குள் இரண்டு குதியும் வலித்து, காலையில் இடுப்பும் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் வாத நோய் டாக்டர். குதிக்குப் பின்னால், கெண்டைச்சதையின் நாண் சேருகிற இடத்தில் வலித்தால், படிக்கட்டின் ஓரத்தில் முன்பாதத்தில் நின்று குதியை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி நன்றாகக் கேட்கும். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட நாட்களில் அந்த இடம் வலிக்க ஆரம்பித்தால் பயிற்சியை நிறுத்தி, மாத்திரை தந்தவரிடம் சொல்லுங்கள். அந்த வகை மருந்து நாணை அறுக்கக்கூடும்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் பெருவிரல் மூட்டு விண்விண்ணு தெறிக்குதா

படுக்கும்போது நல்லா இருந்த கால், விடிவதற்குள் போர்வை பட்டாலே அலறுகிற மாதிரி ஆகி, பெருவிரல் அடிமூட்டு செக்கச் சிவந்து பளபளத்தால் முதல் சந்தேகம் யூரிக் ஆசிட் வாதம். ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே இறங்கும். வலிக்கிற அன்றைக்கு ரத்தம் கொடுத்தால் யூரிக் ஆசிட் அளவு சரியாக இருப்பதாகக் காட்டலாம். அதை நம்பி "வாதம் இல்ல" என்று முடிவுகட்டவேண்டாம். ரெண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அளவை 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவதே நோக்கம்.

இதில் நம் வீடுகளில் தண்டனை பெறுவது பருப்பு. சாம்பாரையும் சுண்டலையும் நிறுத்திவிட்டு, சாளைக் குழம்பும் நெத்திலிக் கருவாடும் ஈரல் வறுவலும் அப்படியே ஓடும். பருப்புக்கும் இந்த வாதத்துக்கும் பெரிய தொடுப்பு கிடையாது. சாளை, நெத்திலி, ஈரல், மது, குறிப்பாக பீர், இவைதான் ஏற்றிவிடும். பிபி-க்காக நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். கிட்னி சரியில்லாதவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால் வாதம் அடங்கும், கிட்னி போகும். மூட்டுச் சிவப்போடு கடும் காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் சீழ் வைத்ததாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

விரலிடுக்கு வெளுத்து, நமைச்சல், நாற்றம்

சேற்றுப்புண். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் நடுகிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. வயலுக்கே போகாமல் நாள் முழுக்க ஷூவும் நனைந்த சாக்ஸும் போட்டிருக்கிறவர்களுக்கும் வரும். நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் தொடங்கும். ஈரம் உலர்வதுதான் வைத்தியத்தில் பாதி. குளித்ததும் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி எடுங்கள். டெர்பினஃபின் களிம்பு ஒன்றிரண்டு வாரம், அல்லது குளோட்ரிமசோல் தினம் ரெண்டு வேளை நாலு வாரம். அரிப்பு நின்றதும் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

மெடிக்கல் கடையில் "நமைச்சலுக்கு ஒரு டியூப்" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கைக்கு வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. மூணு நாளில் நமைச்சல் நின்றுவிடும். பூஞ்சை உள்ளே சொகுசாகப் பரவிக்கொண்டிருக்கும். டியூப்பின் பின்னால் குளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன் என்று எதுவாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பித்தவெடிப்பு

தோல் தடித்து, காய்ந்து, உடம்பின் எடை தாங்காமல் பிளப்பது. பித்தத்துக்கு இதில் பங்கில்லை. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) மெதுவாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் யூரியா 10 முதல் 25 சதவீதம் உள்ள களிம்பையோ, கிடைக்காவிட்டால் வாஸ்லினையோ பூசி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். பிளேடால் சீவவேண்டாம். களிம்பு போட்டும் கேட்காமல், ஒரு காலில் மட்டும் ரேகைகளில் வெண்பொடி படிந்ததுபோல் உதிர்ந்தால் அது வெடிப்பு இல்லை, பூஞ்சை.

உள்ளங்காலில் கட்டியாக, மிதித்தால் குத்துகிறது

கால் ஆணியா, மருவா என்று பிரிக்க விரலே போதும். மேலிருந்து நேராக அமுக்கினால் வலிப்பது ஆணி. ரெண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் வலிப்பது மரு. மருவின் மேல் தோல்ரேகை ஓடாது, விலகிப் போகும்; கறுப்பாகப் புள்ளி புள்ளியாகவும் தெரியும். மரு ஒரு வைரஸால் வருவது, ஒருவர் காலிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். ஆணி தொற்றாது. அது எலும்பும் செருப்பும் சேர்ந்து ஒரே இடத்தை அழுத்துவதால் வருவது. அதனால்தான் ஆணியை வெட்டி எடுத்தாலும் அதே செருப்பைப் போட்டால் அதே இடத்தில் திரும்ப முளைக்கிறது. ரெண்டுக்குமே சாலிசிலிக் ஆசிட் மருந்து உண்டு, சுற்றியுள்ள நல்ல தோலில் படாமல் வைக்கவேண்டும். மருவுக்கு மூணு மாதம் வரைகூட ஆகும். எருக்கம்பால் விடுவது இதே வேலையைக் கணக்கில்லாமல் செய்வது, தோல் வெந்துவிடும்.

சுகர் இருந்தால் ஆணி பிளாஸ்டரும் கூடாது, எருக்கம்பாலும் கூடாது, பிளேடும் கூடாது. காய்ப்புக்கு நடுவில் கறுத்தோ, கருஞ்சிவப்பாகவோ திட்டுத் தெரிந்தால் உள்ளே ரத்தம் கட்டிப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். மேலே மூடியிருப்பதால் தெரியவில்லை, அவ்வளவே.

முள் குத்தின இடம் ஆறவே இல்லை

ராதாபுரம், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து உடைமுள்ளும் கருவேல முள்ளும் எப்படிப்பட்டவை என்று அங்கே ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரியும். குத்தியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணும் சாணியும் பட்ட ஆழமான குத்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் ஊசி. முள் நுனி உள்ளே ஒடிந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில் தெரியும். ரெண்டு வாரமாகியும் அமுக்கினால் சுருக்கென்கிறது என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று மெதுவாக வருவது. குத்தினதே மறந்துபோயிருக்கும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், பாதம் வலியில்லாமல் தடித்து, கட்டி கட்டியாகி, அங்கங்கே கண் விட்டுப் புரையோடி, சீழோடு மணல் மாதிரி குருணை வரும். கறுப்பாகவோ வெள்ளையாகவோ மஞ்சளாகவோ. மைசெட்டோமா என்பார்கள். 1842-இல் மதுரையில் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்ததால் உலகம் முழுக்க 'மதுரைப் பாதம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. முள் வழியாக மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போவதுதான் காரணம். பாக்டீரியா என்றால் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம்; பூஞ்சை என்றால் நீண்ட மருந்தோடு அறுவையும் வேண்டிவரும். எது என்று குருணையைச் சோதித்தால்தான் தெரியும். ஆகவே அந்தச் சீழைக் கழுவிவிட்டுப் போகாமல், குருணை ஒட்டியிருக்கிற துணியோடு தோல் டாக்டரிடம் போங்கள். வலிக்காததால் இதை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதற்குள் அது எலும்புக்குப் போய்விடும்.

எரியுது, மதமதக்குது, இல்லை எதுவுமே தெரியல்ல

சுகர்க்காரர்களுக்கானது இது. மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் நாற்பதைத் தாண்டியும் சுகர் சோதிக்காதவர்கள் தாண்டக் கூடாது.

எரிச்சல் வந்தால் ஓடிவருகிறார்கள். எரிச்சல் நின்றால் "சரியாப் போச்சு" என்று வராமலிருந்துவிடுகிறார்கள். பல சமயம் நரம்பு சரியானதால் நிற்பதில்லை, செத்துப்போனதால் நிற்கிறது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி போய்விட்டேன் என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் நான் சிரிப்பதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இப்ஸ்விச் தொடு சோதனை என்பார்கள். ஆளைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். "தொட்டா வலதா இடதான்னு சொல்லணும்" என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் வலது பெருவிரலின் நுனியை ஒன்று, இரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். அமுக்கவும் கூடாது, தடவவும் கூடாது, தட்டவும் கூடாது. அடுத்து வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஆறு இடம். பதில் வராவிட்டால் அதே விரலைத் திரும்பத் தொட்டுப் பார்த்து உதவி செய்யக் கூடாது, வராதது வராததுதான். ரெண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இதையே 10 கிராம் நைலான் இழையாலும் அதிரும் இசைக்கவையாலும் உறுதிசெய்வார்கள். மருமகள் மாமனார் காலைத் தொட்டுச் சோதிக்கத் தயங்கும் வீடுகளில் பேரன்மார் இதை விளையாட்டாகவே செய்துவிடுகிறார்கள்.

உணர்ச்சி குறைந்தது என்று தெரிந்தபிறகு பழக்கம் மாறவேண்டும். தினம் ஒரு தடவை உள்ளங்கால், விரலிடுக்கு, குதி. செருப்பு போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். வெந்நீரைக் காலால் பார்க்கவேண்டாம், முழங்கையால் பாருங்கள். கால் முழுக்க எண்ணெய் தடவுகிறவர்கள் விரலிடுக்கை விட்டுவிடுங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைந்தும் எரிச்சல் வரலாம்; அது ஒரு ரத்தச் சோதனையில் தெரியும், சுலபமாகச் சரிசெய்யக்கூடியது, ஆகவே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி புண். "தினமும் டிரஸ்ஸிங் போடுதோம், மூணு மாசமா ஆற மாட்டேங்கு" என்பதுதான் நான் அதிகம் கேட்கிற புகார். வந்தது எப்படி என்று கேட்டால், பஸ்ஸில் வந்து, ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்திருப்பார். உள்ளங்காலில் இருக்கிற புண்ணின் மேல் உடம்பின் எடையை வைத்து ஒவ்வொரு அடியும் நடந்தால் எந்த மருந்து ஆற்றும்? ஆற்றுவது பஞ்சும் களிம்பும் அல்ல, அந்த இடத்தில் பாரம் ஏறாமல் இருப்பது. அதற்கென்று முழங்கால் வரை போடும் மாவுக்கட்டு இருக்கிறது, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். அது முடியாதவர்களுக்குப் புண் இருக்கிற இடத்தை மட்டும் குடைந்து எடுத்த பட்டை, பிரத்தியேகச் செருப்பு, வாக்கர். டிரஸ்ஸிங் போடுகிறவரிடம் "இதுல பாரம் ஏறாம இருக்க என்ன செய்யணும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாக இருந்து, வலி மட்டும் அந்த அளவுக்கு இல்லை என்றால் அதைச் சுளுக்கு என்றும் எண்ணெய் போடவேண்டாம், வெறும் கிருமி என்று ஆன்டிபயாட்டிக்கோடும் விடவேண்டாம். சார்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்தே காலை ஊன்றக் கூடாது.

சுகர் இல்லாமல் கால் மதமதத்து, தோலில் வெளுத்த, உணர்ச்சியற்ற திட்டு இருந்தால் தொழுநோயைச் சோதிக்கவேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை; அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் முடிந்துவிடும்.

கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிக்குது, நின்னா விடுது

இதை வாயு என்று பூண்டு சாப்பிட்டுச் சமாளிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அதே தூரத்தில் பிடித்து, நின்ற சில நிமிடத்தில் விட்டால் அது ரத்தக்குழாய் குறுகியது. கையிலும் கரண்டையிலும் பிபி எடுத்து ஒப்பிடுவார்கள். கரண்டை அளவைக் கையளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு உறுதி. சுகர்க்காரர்களுக்குக் குழாய் இறுகிப்போய் இந்தக் கணக்கு ஏமாற்றும், அவர்கள் டாப்ளர் ஸ்கேனும் பார்க்கவேண்டும். குனிந்தால் விடுகிறது, உட்கார்ந்தால்தான் விடுகிறது என்றால் முதுகுத்தண்டு நரம்பு, அது வேறு கதவு.

முக்கூடல், மேலப்பாளையம் என்று பீடிக்குப் பேர்போன சீமை இது. சுற்றுகிறவர்களைவிடக் குடிக்கிறவர்களின் கால்தான் முதலில் போகிறது. நாற்பது வயதுகூட ஆகாத ஆண், சுகர் இல்லை, கொழுப்பு இல்லை, விரல் நுனி மட்டும் ராத்திரியில் வலித்துக் கறுக்கிறது என்றால் பெர்கர் நோய். அதற்கு உருப்படியான மருந்து ஒன்றுதான்: புகையிலையை முழுசாக நிறுத்துவது. குறைப்பது கணக்கில் சேராது. நிறுத்தினவர்களின் கால் பெரும்பாலும் தப்பிக்கிறது. தொடர்ந்தவர்களுக்கு விரல், பாதம், முழங்கால் என்று வெட்டு மேலே ஏறுகிறது.

பீடி சுற்றும் பெண்களுக்கு வருவது வேறு. மடியில் தட்டை வைத்துக்கொண்டு சம்மணத்தில் மணிக்கணக்காக இருந்து எழும்போது, பாதத்தை மேலே தூக்கமுடியாமல் செருப்பு தடுக்கும். முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடுகிற நரம்பு அழுந்தியதால் வருவது. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் காலை நீட்டினால் வராது. வந்து ரெண்டு நாளில் சரியாகாவிட்டால் நரம்பு டாக்டர்.

வீக்கம்

பெருவிரலால் முன்னங்கால் எலும்பின் மேல் பத்து எண்ணும்வரை அமுக்குங்கள். குழி விழுந்தால் நீர். ரெண்டு காலும் ஒரேமாதிரி வீங்கினால் கோளாறு பெரும்பாலும் காலில் இல்லை. இதயம், கிட்னி, ஈரல், ரத்தசோகை இவற்றில் ஒன்று. பிபி-க்கு ஆம்லோடிபின் தொடங்கியபிறகு கரண்டை வீங்கினால் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தவர், ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தவர், பிரசவமானவர், இவர்களுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. அதை ஒருக்காலும் நீவாதீர்கள்.

சாயங்காலம் கனத்து, உளைச்சல் எடுத்து, பச்சை நரம்பு சுருண்டு தெரிந்து, கரண்டையின் உள்பக்கத்துக்கு மேலே தோல் கறுத்திருந்தால் வெரிகோஸ். அங்கே வருகிற புண் இறுக்கமான கட்டு இல்லாமல் ஆறாது. கட்டுவதற்கு முன் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்டை பெரண்டுட்டு

எலும்பு முறிந்ததா, சுளுக்கா? நாலு எட்டு வைக்கமுடியவில்லை, அல்லது கரண்டை முண்டுகளின் பின்னோரத்தில் எலும்பையே அமுக்கினால் வலிக்கிறது, அல்லது சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடு ஓரத்தில் எலும்பு வலிக்கிறது: எக்ஸ்ரே எடுங்கள். இவை இல்லையென்றால் ஐஸ், கட்டு, காலைத் தூக்கிவைப்பது, ரெண்டு மூணு நாளில் மெல்ல அசைக்க ஆரம்பிப்பது. அன்றைக்கே சுளுக்கு வழிக்கப் போவது வீக்கத்தைக் கூட்டும். நாட்டுக்கட்டு போட்டபின் விரல் நீலம் பாய்ந்தாலோ மதமதத்தாலோ யாரையும் கேட்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

நகம், பிள்ளைகள்

நகத்தை நேராக வெட்டுங்கள். மூலையைத் தோண்டினால் அது சதைக்குள் வளரும். சீழ் வைத்துத் திரும்பத் திரும்ப வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்தை மட்டும் எடுத்து மருந்து வைத்துவிடுவார்கள். முழு நகத்தையும் பிடுங்கத் தேவையில்லை. நகச்சொத்தைக்கு மாத்திரை 12 வாரம், ஆனால் புது நகம் முழுசாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

ஐந்தாறு வயது வரை பிள்ளைகளுக்குத் தட்டைப் பாதம் இயல்பு. நுனிக்காலில் நிற்கச் சொன்னால் வளைவு தெரிகிறதா? விட்டுவிடுங்கள். பிறக்கும்போதே பாதம் உள்ளே திரும்பியிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். முதல் வாரங்களிலேயே மாவுக்கட்டு தொடங்கினால் பெரிய அறுவை இல்லாமல் நிமிர்த்திவிடலாம்.

பாதயாத்திரை, தேர், பூக்குழி

தை மாதம் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள், ஆனித் தேருக்கு ரதவீதியில் வெயிலில் நிற்கிறவர்கள், கொடைக்குப் பூக்குழி இறங்குகிறவர்கள், எல்லோரும் வெறுங்கால். சுகர் இல்லாதவருக்கு வந்தால் கொப்புளம்தான். உடைக்காமல், சுத்தமான ஊசியால் ஓரத்தில் ஒரு துளை விட்டு நீரை இறக்கி, மேல்தோலை அப்படியே விட்டு மூடிவிடுங்கள். தொடுசோதனையில் ரெண்டு விரல் தெரியாதவர் வெறுங்காலோடு அறுபது கிலோமீட்டர் தார் ரோட்டில் நடப்பதும் பூக்குழி இறங்குவதும் வேறு கணக்கு. நேர்ச்சையை மாற்றமுடியாது என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. விடியலுக்கு முன்னும் வெயில் தாழ்ந்தும் மட்டும் நடக்கச் சொல்கிறேன், ரோட்டில் எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு போட்டுக்கொண்டு கோயில் வாசலில் கழற்றச் சொல்கிறேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கூட வருகிறவர் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும் என்று அந்தக் கூட வருகிறவரிடமே சொல்லி அனுப்புகிறேன். அந்தச் செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது. பின்வார் உள்ளதாக, ஒட்டுப்பட்டையில் தளர்த்தக்கூடியதாக. புதுச்செருப்பை யாத்திரைக்கு முதல்நாள் எடுக்காமல், வீட்டில் தினம் ஒரு மணி நேரம் என்று ரெண்டு வாரம் போட்டுப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள்.